கப்பல் நிற்கும் ஊரில் நகை வாங்குவது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறி இலங்கைப் பக்கம் ஒரு சுற்று போய்வருவது ராயபுரம், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு இப்போது அவ்வளவு பெரிய அதிசயம் இல்லை. 2023-இல் கோர்டீலியா கப்பல் இங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போக ஆரம்பித்தது. இன்னும் சிலர் சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கே கப்பல் பிடித்து பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு வருகிறார்கள். எந்த ஊரில் கப்பல் நின்றாலும் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கண்ணில் படுவது ஒரு நகைக்கடை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு நகைக்கடை. முதல்முறை போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் தங்கத்துக்காக அங்கே பர்ஸைத் திறக்க வேண்டாம். கல் வைத்த நகை, வெள்ளி, அந்த ஊர்க் கைவேலை, இதெல்லாம் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைக்காரர் வாயால் சொன்ன ஒவ்வொன்றும் ரசீதில் எழுத்தாக வர வேண்டும். கீழே இருக்கிற எல்லாப் படிகளும் கடைசியில் அந்த ரசீதில்தான் வந்து நிற்கும்.

படி 1: கிளம்பும் முன்பே வீட்டில் செய்ய வேண்டியது

ஒரு சாயங்காலம் சவுகார்பேட்டைப் பக்கம் போய்வாருங்கள். என்.எஸ்.சி. போஸ் ரோட்டிலோ தங்கசாலைத் தெருவிலோ நீங்கள் வாங்க நினைக்கிற மாதிரி மோதிரம், தோடு இங்கே என்ன விலை, சேதாரம் எத்தனை சதவீதம், கல் எடையைக் கழித்துத் தங்க எடை எவ்வளவு என்று கேட்டு போனில் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கவே வேண்டாம், விசாரித்தால் போதும். இந்த விலை கையில் இல்லாமல் போனால் அங்கே 'ஐம்பது சதவீதம் தள்ளுபடி' என்று பலகை பார்த்ததும் மனசு சாய்ந்துவிடும், எதிலிருந்து ஐம்பது என்று கேட்கத் தோன்றாது.

அப்படியே பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கல் வியாபாரிகள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே லென்ஸ். மடக்கினால் சட்டைப்பையில் அடங்கும்.

இன்னொரு வேலை. நீங்கள் போட்டுக்கொண்டு போகிற சொந்த நகை கனமாக இருந்தால், கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது 'இதை எங்கே வாங்கினீர்கள்' என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில். என்னைக் கேட்டால் தாலிச் சங்கிலி, ஒரு ஜோடித் தோடு தவிர மற்றதை வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போவதே நிம்மதி.

படி 2: கப்பலில் தரும் கடைப் பட்டியலை எப்படிப் படிப்பது

பல கப்பல்களில், குறிப்பாக கரீபியன் பக்கம், 'எந்தத் துறைமுகத்தில் எங்கே வாங்கலாம்' என்று மேடை போட்டே பேசுவார்கள். கையில் ஒரு வரைபடமும் தருவார்கள். அதில் இருக்கிற கடைகளில் பெரும்பாலானவை விளம்பரத்துக்குக் காசு கட்டியவை. கப்பலில் வேலை பார்க்கும் என் பெரியம்மா பையனைக் கேட்டால் சிரிப்பான்: "அண்ணே, அந்த மேப்பில் இல்லாத கடைக்குத்தான் நாங்க போவோம்." பட்டியலில் இருப்பதாலேயே மோசமான கடை என்று அர்த்தம் இல்லை. சிலவற்றுக்குக் கப்பல் நிறுவனம் ஒரு உத்தரவாதமும் தரும். ஆனால் அது எத்தனை நாளைக்கு, எதற்கெல்லாம் பொருந்தும் என்று அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள். 'வாங்கிய பிறகு மனம் மாறிவிட்டது', 'விலை அதிகம் என்று தெரிந்தது' போன்ற காரணங்கள் பொதுவாக அதில் சேராது.

ஆட்டோக்காரர், துக்துக்காரர், வழியில் சிரித்துக்கொண்டே பேச்சுக் கொடுக்கும் 'ஆசிரியர்' கூட்டிப் போகிற கடைக்கு மட்டும் போகாதீர்கள். தாய்லாந்தில் இது பழைய நாடகம். நீங்கள் போக நினைத்த கோயில் இன்று மூடியிருக்கிறது என்பார்கள், அரசாங்கமே நடத்தும் கல் விற்பனை இன்றோடு முடிகிறது என்பார்கள், ஊருக்குக் கொண்டுபோய் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்பார்கள். இரண்டு மடங்கு கிடைக்கும் சரக்கை அவர் ஏன் உங்களிடம் விற்கிறார்?

படி 3: தங்கம் என்றால்

இங்கே 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும் ஆறு இலக்க ஹெச்யூஐடி எண் இல்லாமல் கடைக்காரர் விற்கக்கூடாது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் ஜாதகமே வந்துவிடும். வெளிநாட்டு நகையை அந்தச் செயலியில் சரிபார்க்க முடியாது. அங்கே 916, 750, 585 என்று ஒரு முத்திரை இருக்கும், அதை நம்புவதா இல்லையா என்பது கடையை நம்புவதைப் பொறுத்தது. 916 என்றால் 22 கேரட், 750 என்றால் 18 கேரட், 585 என்றால் 14 கேரட், 925 என்றால் வெள்ளி. எண்ணோடு 'ஜிபி', 'ஜிஎஃப்' என்ற எழுத்தும் பொடியாக இருந்தால் அது முழுத் தங்கம் இல்லை, மேலே மட்டும்தான் தங்கம். லென்ஸை எடுத்துக் கொக்கியின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சேதி: நல்ல தங்கச் சங்கிலியிலும் கொக்கிக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் இரும்பாக இருந்தால் காந்தம் ஒட்டும், அதைப் பார்த்துக் கடையில் சண்டைக்குப் போகாதீர்கள்.

விலை? 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15-இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தபோதே துபாய்க்கும் நமக்கும் இருந்த வித்தியாசம் நன்றாகச் சுருங்கியது. இதில் செய்கூலி, கார்டுக் கட்டணம், இறங்கும்போது வரி எல்லாம் சேர்த்தால் மிச்சம் பெரிதாக ஒன்றும் நிற்காது. காங்கேசன்துறையில் இறங்கி யாழ்ப்பாணம் போகிறவர்கள் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடைகளை வரிசையாகப் பார்க்கலாம். வேலைப்பாடு பிடித்திருந்தால் வாங்குங்கள். அங்கேயும் 8 கிராம்தான் ஒரு பவுண், தமிழிலேயே பேசிக் கணக்குக் கேட்கலாம் என்பது பெரிய வசதி.

படி 4: கல் என்றால் நிதானம்

இலங்கை என்றாலே நீலக்கல், வைடூரியம், நிலாக்கல். ரத்தினபுரி என்ற ஊர்ப் பெயரே போதும். ஏமாற்று வேலையும் அதிகம் நடப்பது இதில்தான், அதனால் இந்தப் படியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நீலக்கல்லை ஆலையில் செய்ய முடியும். 1902-லேயே ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் மாணிக்கத்தை இப்படிச் செய்யும் முறையை வெளியிட்டுவிட்டார், அதே முறையில் பிறகு நீலமும் வந்தது. சுரங்கத்துக் கல்லும் ஆலைக் கல்லும் இரண்டுமே அலுமினியம் ஆக்சைடு. எனவே கடைக்காரர் கல்லால் கண்ணாடியில் கீறிக் காட்டினாலோ, லைட்டர் தீயில் காட்டினாலோ அதில் எதுவும் நிரூபணம் ஆகாது, ஆலைக் கல்லும் கீறும், அதுவும் தீயைத் தாங்கும். லென்ஸில் பார்க்கும்போது உள்ளே வளைந்த கோடுகள் தெரிந்தால் ஆலைக் கல் என்று சந்தேகப்படலாம். வட்டவட்டமாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. உள்ளே ஒரு குறையும் இல்லாத, பெரிய, நல்ல நீலக் கல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள்.

அடுத்து, சுட்ட கல். இலங்கையில் 'கெவுட' என்று ஒரு வகைக் கல் உண்டு, பால் கலங்கினாற்போல் இருக்கும். அதை 1,500 டிகிரிக்கு மேல் சூளையில் வைத்தால் நல்ல நீலம் வந்துவிடும். இது மோசடி இல்லை, சந்தையில் இருக்கும் நீலக்கற்களில் நிறைய இப்படிச் சுட்டவைதான். ஆனால் சுடாத கல்லின் விலையே வேறு. சுட்டதைச் சுடாத விலைக்கு விற்பதுதான் மோசடி. அதனால் "கல் நிஜமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "இயற்கையா, ஆலையா? சுட்டதா, சுடாததா? வேறு ஏதாவது பூசியோ நிரப்பியோ இருக்கிறதா?" என்று மூன்றாகக் கேளுங்கள். மாணிக்கத்தில் இந்த மூன்றாவது கேள்வி ரொம்ப முக்கியம், விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பிய கற்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. பிற்பாடு நகையைச் சரிசெய்யக் கொடுத்து ஆசாரி சூடு காட்டினால் அவை கெட்டுப்போகும்.

நிலாக்கல்லுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா நிலாக்கல் மாலை என்று ஒன்று வாங்கி வந்தார்கள். யானைகவுனியில் கல் பதிக்கிறவர் அதைக் கையில் வாங்கி, டியூப் லைட்டுக்கு நேராக ஒரே ஒரு மணியைத் தூக்கிப் பிடித்தார். மேலிருந்து பார்த்தால் நீலம் மின்னிய மணி, வெளிச்சம் ஊடுருவியதும் ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்கு மாறியது. "இது கண்ணாடிக்கா," என்றார், அவ்வளவுதான். நீங்கள் இதைக் கடையிலேயே செய்யலாம், வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் போதும். எந்தக் கல்லையும் கடைக்குள் இருக்கும் அந்தக் கூசும் விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இலங்கையில் ரத்தினக்கல் விற்பவருக்குத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் உரிமம் இருக்க வேண்டும். கேளுங்கள், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். விலையுள்ள கல் என்றால் வெளிப் பரிசோதனைக் கூடத்தின் சான்று வேண்டும். கடையே அச்சடித்துத் தரும் 'மதிப்பீட்டுச் சான்று', அதில் வாங்கிய விலையைப் போல் மூன்று மடங்கு எழுதியிருந்தாலும், வெறும் காகிதம். அமெரிக்காவின் ஜிஐஏ போன்ற பரிசோதனைக் கூடங்களின் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்க்க முடியும், அங்கேயே போனில் பாருங்கள், எடையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று.

ஆமை ஓடு, தந்தம், கறுப்புப் பவளம், இவற்றில் செய்த எதையும் தொடவே வேண்டாம். வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 5: பேரம்

பர்மா பஜாரில் பேரம் பேசிப் பழகியவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், அங்கே நேரம் உங்கள் பக்கம் இல்லை, கப்பல் இத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கடைக்காரருக்கும் தெரியும். அதனால் இறங்கியதும் விலை விசாரியுங்கள், ஊரைச் சுற்றுங்கள், திரும்பும் வழியில் வாங்குங்கள். கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கையில் நம் நேரம்தான், பினாங்கில் இரண்டரை மணி முன்னே.

படி 6: ரசீது

கடையின் முழு முகவரி, தேதி, தங்கம் எத்தனை கேரட், மொத்த எடை, கல் எடை தனியாக, கல்லின் பெயர், இயற்கையா ஆலையா, சுட்டதா இல்லையா, திருப்பித் தந்தால் எத்தனை நாளில் பணம். எல்லாம் ரசீதில் வர வேண்டும். 'நீலக்கல் மோதிரம் 1' என்று எழுதித் தந்தால் பேனாவை நீட்டி "மிச்சத்தையும் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எழுத மறுத்தால் நகையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். எழுதித் தந்தால் நகையும் ரசீதும் ஒன்றாகத் தெரியும்படி அங்கேயே ஒரு படம் எடுங்கள். பெட்டியில் வைத்து மூடுவதையும் கண்ணெடுக்காமல் பாருங்கள், காட்டிய மோதிரம் வேறு, கட்டிக் கொடுத்த மோதிரம் வேறு என்று ஆவது அந்த இடத்தில்தான்.

படி 7: பணம்

ரொக்கம் வேண்டாம், டெபிட் கார்டும் வேண்டாம். கிரெடிட் கார்டில் கொடுத்தால் பிறகு வங்கியில் முறையிட வழி இருக்கும். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள். இயந்திரம் 'இந்திய ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா' என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தை அழுத்துங்கள், ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வரும், அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

சிங்கப்பூரில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும், ஆனால் சுற்றி வந்து சிங்கப்பூரிலேயே இறங்கும் கப்பலில் ஏறும்போது கேட்க முடியாது. ஊருக்கு வர சாங்கியில் விமானம் ஏறும்போது கேளுங்கள்.

படி 8: நம்மூரில் இறங்கும்போது

இந்த 20 கிராம், 40 கிராம் என்று எல்லோரும் சொல்லும் நகைச் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு. நான்கு நாள் கப்பலில் போய்வந்தவருக்கு அது பொருந்தாது. நகை வாங்கியிருந்தால் சிவப்பு வழியில் போய் ரசீதைக் காட்டி அறிவித்துவிடுங்கள். வரி விகிதமும் வரம்பும் அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. 'பக்கத்து வீட்டுக்காரம்மா கழுத்தில் போட்டுக்கொண்டே வந்தாங்க' என்பதையெல்லாம் கேட்டுக் கிளம்பினால் நகையும் போகும், அபராதமும் வரும்.

படி 9: வந்த வாரத்திலேயே

தள்ளிப்போடாதீர்கள். தங்கத்தை ஹால்மார்க் மையத்தில் கொடுத்தால் சின்னக் கட்டணத்தில் டச், அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்று, பார்த்துச் சொல்லிவிடுவார்கள். விலையுள்ள கல்லைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து எழுத்தில் முடிவு வாங்குங்கள். ரசீதில் எழுதியதும் முடிவும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். பதில் வரவில்லை என்றால் ரசீது, கடையில் எடுத்த படம், பரிசோதனை முடிவு, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், நாலையும் சேர்த்து கார்டு கொடுத்த வங்கியில் முறையீடு போடுங்கள். இதற்குக் கெடு உண்டு, வங்கிக்கு வங்கி மாறும், கார்டு பில் வந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.