வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர் சாப்பாட்டில் எதைப் பார்க்க வேண்டும்

எனக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது 17. இப்போது 39. இத்தனை வருடத்தில் காரம் தொடாதே, புளிப்பு ஆகாது, மசாலாவையே நிறுத்து என்று சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. சொன்ன எல்லோருமே என் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் மாத்திரைக்கும் மிளகுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று யாரும் சொல்லவில்லை. பட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆறு வருடத்துக்கு முன் மூட்டு வலிக்கு நல்லதென்று அக்கா ஒரு டப்பா மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. நான் எடுக்கும் வலிப்பு மாத்திரை பெனிட்டாயின். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது, எனக்கு 27. “புதுசா என்ன சாப்பிடறீங்க?” என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் பைப்பரின் என்று இருந்தது.

பைப்பரின் மிளகின் காரச்சத்து. மஞ்சளில் உள்ள குர்குமின் உடம்பில் லேசில் சேராது என்பதால் கேப்ஸ்யூலில் இதையும் கலக்கிறார்கள். மருந்தை உடைத்து வெளியேற்றும் நொதிகளை இது மந்தமாக்கும். குர்குமின் கூடுதலாகச் சேருவதைப் போல மாத்திரையும் கூடுதலாகச் சேரும். அதிலும் பெனிட்டாயினைக் கல்லீரல் ஓர் அளவுக்கு மேல் உடைக்காது. அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவருக்குச் சின்ன மாற்றமும் பெரிதாகக் காட்டும். ஒரு கிராம் மிளகு போட்ட சூப்பே பெனிட்டாயின் உடம்பில் சேரும் விதத்தை மாற்றுகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் மிளகை விட்டுவிடுவதா? வேண்டாம். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் அளவை வைத்துத்தான் உங்கள் டோஸ் பொருந்தியிருக்கும். அந்த அளவைத் திடீரென்று ஏற்றாதீர்கள், திடீரென்று நிறுத்தவும் செய்யாதீர்கள். சமையலில் போடும் மஞ்சள் இருந்துவிட்டுப் போகட்டும். குர்குமின் வலிப்பைக் குறைப்பதாக எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

நான் உண்மையில் பயப்படுவது செறிவாக எடுத்த பொருள்களுக்கு. கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், சேஜ் என்ற மூலிகையின் எண்ணெய் ஆகியவை உள்ளே போனால் வலிப்பு நோயே இல்லாதவருக்கும் வலிப்பு வரலாம். குழந்தைகளுக்குச் சில மில்லி போதும். வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். ஜாதிக்காயைச் சிட்டிகையாகப் போடுவது வேறு, தூக்கம் வரட்டும் என்று கரண்டிக் கணக்கில் விழுங்குவது வேறு. அன்னாசிப்பூவில் இன்னொரு சிக்கல் உண்டு. அதைப் போலவே இருக்கும் ஜப்பானிய வகை நச்சுள்ளது. அது கலந்த தேநீரைக் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்ததால், 2003இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்காதீர்கள்.

கார்பமசெபைன் என்ற வலிப்பு மாத்திரையை எடுப்பவர் கிரேப்ஃப்ரூட் பழத்தையும் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்துப் பெரிய பழம்) அதன் சாற்றையும் தவிர்க்க வேண்டும். ரத்தத்தில் மருந்தளவை அது உயர்த்தும். கார்பமசெபைனும் அதே வகை மாத்திரையான ஆக்ஸ்கார்பசெபைனும் உடம்பில் சோடியத்தைக் குறைக்கக் கூடியவை. அதனால் உப்பை அறவே விட்டுவிட்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். சோடியம் மிகவும் இறங்கினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். அமில நீக்கி, கால்சியம் மாத்திரை இரண்டையும் பெனிட்டாயினோடு சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

எந்த உணவு உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். நான் எழுதுவது: மாத்திரை போட்ட மணி, எத்தனை மணி நேரம் தூங்கினேன், எந்த வேளை சாப்பாடு தவறியது, புதிதாக என்ன சேர்ந்தது, வலிப்பு வந்ததா. மூன்று மாதம் எழுதிய பிறகு புரட்டிப் பார்த்தேன். காரம் சாப்பிட்ட நாளுக்கும் வலிப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. தூக்கம் கெட்டு, காலையில் சாப்பிடாமல், மாத்திரையும் தள்ளிப்போன நாள்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. உங்கள் நோட்டு வேறு மாதிரி சொல்லலாம். சாப்பிடும்போதே வலிப்பு வரும் ஓர் அரிய வகையும் இருக்கிறது. அப்படி வருவதாகத் தோன்றினால் நோட்டோடு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். புதிதாக எதைச் சேர்த்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சேருங்கள், இல்லாவிட்டால் எதனால் என்ன ஆனது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸல் வைல்டர் வலிப்புக்காகவே முன்வைத்த முறை அது. இன்றும் மாத்திரைகளுக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள், பலருக்கு வலிப்பு பாதியாகவாவது குறைகிறது. ஆனால் அது உடல் மெலிய இருக்கும் டயட் அல்ல. பழைய முறையில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு நான்கு கிராம், கிராம் தராசில் நிறுத்துத்தான் சமைக்க வேண்டும். சிறுநீரகக் கல் வரலாம், டோபிராமேட் என்ற வலிப்பு மாத்திரை எடுப்பவருக்கு அந்த ஆபத்து கூடுதல். கொழுப்பை உடைக்க முடியாத சில பிறவிக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கு இந்த உணவே உயிராபத்து. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு உணவியல் நிபுணர், அதன் பிறகுதான் அடுப்பு.

அடுப்பு என்றதும் ஒன்று. பாத்திரத்தை எப்போதும் பின்பக்க அடுப்பில் வையுங்கள், கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். வலிப்பு வந்தவருக்கு முழு நினைவு திரும்பும் வரை வாயில் தண்ணீரோ மாத்திரையோ எதுவும் கொடுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.