முதல் மதிப்புரை எழுதுவது எப்படி? ஒரு புளியமரத்தை வைத்துப் பழகலாம்

நல்ல நாவலைப் படித்து முடித்த ராத்திரி யாரிடமாவது அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் போல இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். பேச ஆள் கிடைக்காதவர்கள்தான் கடைசியில் எழுத உட்காருகிறார்கள் என்பது என் கணிப்பு. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் மதிப்புரை நாலு முழுப் பக்கம் வந்தது. கதையை ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். படித்துப் பார்த்த அக்கா மகன், "நல்லா இருக்கு மாமா, இனிமே அந்தப் புக்கைப் படிக்க வேண்டியதே இல்ல" என்றான். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விழும் குழி இதுதான். கதைச் சுருக்கம் வேறு, மதிப்புரை வேறு. ஒரு நாவலைக் கையில் வைத்துக்கொண்டே இதைப் பழகிப் பார்க்கலாம். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை எடுத்துக்கொள்கிறேன். 1966-இல் புத்தகமாக வந்த நாவல், அவருடைய முதல் நாவலும்கூட. ரொம்பப் பெரியதில்லை, நூலகங்களில் தேடினால் கிடைக்கும்.

படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்

சொந்தப் புத்தகம் என்றால் பென்சில். நூலகப் புத்தகம் என்றால் பஸ் டிக்கெட், கடை ரசீது, எது கிடைக்கிறதோ அதைக் கிழித்து நடுவில் செருகுங்கள். துண்டுச் சீட்டில் பக்க எண்ணும் இரண்டு மூன்று வார்த்தைகளும் போதும். புளியமரத்துக்கு நான் செருகிய சீட்டுகளில் இப்படி இருந்தன: "ஆசான் சொல்வது நிஜமா, புளுகா?", "காற்றாடித் தோப்பு, அநியாயம்", "இவனை எங்கோ பார்த்திருக்கிறேனே". அழகான வாக்கியங்களை மட்டும் குறிக்காதீர்கள். எரிச்சல் வந்த இடம், கொட்டாவி வந்த இடம், முன்பக்கம் திருப்பிப் பார்க்க வைத்த இடம், இவைதான் பின்னால் கை கொடுக்கும்.

இரண்டு நாள் சும்மா இருங்கள்

புத்தகத்தை மூடிய கையோடு எழுதினால் "ஐயோ, என்ன நாவல்!" என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. இரண்டு நாள் போகட்டும். பாத்திரம் தேய்க்கும்போதோ பஸ்ஸில் நிற்கும்போதோ நாவலில் எந்த இடம் தானாக வந்து நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகு பூங்கா அமைப்பதற்காகக் காற்றாடி மரத் தோப்பை, அதாவது சவுக்குத் தோப்பை, வெட்டிச் சாய்க்கிற இடம். பூங்கா என்றாலே மரம்தானே, அதற்காக எதற்கு மரத்தை வெட்டுகிறார்கள்? என் மதிப்புரை அந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்பியது.

ஒரே ஒரு வாக்கியம்

இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. "இந்த நாவல் எனக்கு என்ன செய்தது?" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். என்னுடையது இது: "ஒரு ஊர் முன்னேறுகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவற்றுக்கு என்ன ஆகிறது என்பதை இந்த நாவல் காட்டுகிறது." உங்கள் வாக்கியம் வேறாக இருக்கும். நாவல் முழுக்கச் சிரிப்புதான் என்று ஒருவர் எழுதினால் அதுவும் சரியே; அதில் கிண்டல் அவ்வளவு இருக்கிறது. இந்த ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

கதைக்கு ஐந்து வரி, அதற்கு மேல் வேண்டாம்

இப்படி: "திருவிதாங்கூர்ப் பக்கத்து ஊர் ஒன்று. அங்கே ஒரு புளியமரம். ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் குளம் இருந்ததையும் அது தூர்க்கப்பட்டதையும் தாமோதர ஆசான் என்ற கிழவர் கதைகதையாகச் சொல்கிறார். பிறகு மரத்தடி பரபரப்பான சந்தியாகிறது; கடை, வியாபாரம், பத்திரிகை, தேர்தல் எல்லாம் வருகின்றன. மனிதர்களின் போட்டிக்கு நடுவே மரம் மாட்டிக்கொள்கிறது."

முடிவைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். இந்த நாவலில் மரம் இப்போது இல்லை என்பதை ஆசிரியரே தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். ஆகவே அதை நாமும் சொல்லலாம். யார், எப்படி என்பதைத்தான் சொல்லக் கூடாது. பொதுவாக நான் வைத்திருக்கும் கணக்கு: புத்தகத்தின் முதல் கால் பகுதியில் வருவதைத் தாராளமாகச் சொல்லலாம், அதற்கு மேல் கையை அடக்கிக்கொள்ள வேண்டும். துப்பறியும் நாவல் என்றால் கால் பகுதிகூட அதிகம்.

தேய்ந்த வரிகளை அடித்துவிடுங்கள்

இந்தப் பத்தியைப் பாருங்கள்:

"ஆசிரியர் சமூக மாற்றத்தை மிக அழகாகச் சித்தரித்துள்ளார். கதாபாத்திரங்கள் நம் கண்முன்னே உலவுகின்றன. விறுவிறுப்பான நடை. அனைவரும் தவறாமல் வாசிக்க வேண்டிய நூல்."

சத்தியமாக நான் எழுதியதுதான். இதில் புளியமரம் எங்கே? நாவலின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த நாவலின் பெயரைப் போட்டாலும் இந்தப் பத்தி அப்படியே பொருந்தும். ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சோதனையை வையுங்கள். வேறு புத்தகத்துக்கும் பொருந்தினால் ஒரு கோடு. அப்புறம் திருத்தி எழுதியது இது:

"ஆசான் கதை சொல்கிற பகுதிகளில் நானும் அந்தப் பையன்களோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை என்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. பிறகு தாமுவும் அப்துல் காதரும் வியாபாரப் போட்டியில் இறங்கியதும் கதையின் வேகம் மாறுகிறது. ஆசானின் உலகத்தில் மரத்துக்கு ஒரு கதை இருந்தது. இவர்கள் உலகத்தில் அது வெறும் இடைஞ்சல்."

இரண்டாவதில் பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதை வேறு எந்த நாவலுக்கும் ஒட்ட வைக்க முடியாது. முடிந்தால் நாவலிலிருந்து ஒரு சின்ன மேற்கோளும் கொடுங்கள், குறிப்பாகப் பேச்சு வழக்கு வரும் இடம். குமரி மாவட்டத்துப் பேச்சின் ருசியை நாம் விளக்கிப் புரிய வைக்க முடியாது, காட்டத்தான் முடியும். அப்போது புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம்.

குறை சொல்லலாமா?

சொல்லலாம். "இவ்வளவு பெரிய எழுத்தாளரை நொட்டை சொல்ல நான் யார்?" என்று தயங்குவோம். காசு கொடுத்து வாங்கி, தூக்கத்தை விட்டுப் படித்தவருக்கு அந்த உரிமை உண்டு. எனக்கு இந்த நாவலில் ஒரு மனக்குறை: சந்தியில் அத்தனை ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதை எழுதினேன். நாவலில் இருப்பதைச் சுட்டிக்காட்டி எழுதினால் அது குறை. எழுத்தாளரின் கட்சி, சாதி, குணம் என்று போனால் அது வம்பு.

தமிழில் இந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். விமர்சகர் க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) தன் ரசனையை நம்பி, இவை நல்ல நாவல்கள் என்று பட்டியலே போட்டார். 1959-இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பாவோ, படைப்பை அலசிப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற கட்சி. நமக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள்தான்: பிடித்தது என்று துணிந்து சொல்ல அவர், ஏன் என்று காட்ட இவர்.

சில்லறை வேலைகள்

நாவலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை ஆகியவற்றை மேலேயோ கீழேயோ போடுங்கள். பாத்திரங்களின் பெயர்களைச் சரிபாருங்கள். பெயரைத் தப்பாக எழுதினால் வாசகர் மீதியை நம்ப மாட்டார். நானூறு, ஐந்நூறு சொற்கள் முதல் முயற்சிக்குத் தாராளம். முடித்ததும் ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

யாரிடம் கொடுப்பது?

முதலில் ஒரே ஒருவரிடம். அதுவும் அந்த நாவலைப் படிக்காதவரிடம். படித்துவிட்டு அவர் "புத்தகம் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டால் வேலை முடிந்தது. ஒன்றும் கேட்காமல் "நன்றாக இருக்கிறது" என்றால், இன்னொரு தடவை திருத்துங்கள். அப்புறம் பக்கத்து நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பது, ஐந்து பக்கம் எழுதுவதைவிட நல்ல பயிற்சி.

கேட்டவரிடம் புத்தகத்தையும் கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் பென்சிலால் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும். கையில் ஒரு பென்சிலும் கொடுத்து, தோன்றின இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். புத்தகம் திரும்பி வந்தால் (வந்தால்!) அவர் கோடுகளை உங்கள் கோடுகளோடு வைத்துப் பாருங்கள். நான் காற்றாடித் தோப்புக்குப் போட்டிருந்தேன். அக்கா மகன் அந்தப் பக்கத்தைச் சும்மா விட்டுவிட்டு, தேர்தல் கூத்து நடக்கிற பக்கங்களில் வரிக்கு வரி போட்டிருந்தான்.