காற்று மழையில் கார் அடிபட்டால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவது எப்படி?

நம் கொங்குப் பக்கம் கடலே இல்லை, புயல் எங்கே வரப்போகிறது என்று கார் இன்சூரன்ஸில் பலர் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கோபி, சத்தியமங்கலம் பக்கம் வாழை போட்டவர்களைக் கேளுங்கள், சூறைக்காற்று என்றால் என்னவென்று சொல்வார்கள். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழை, கடலுக்கு எங்கோ தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில் வேன்களையே இழுத்துக்கொண்டு போனது.

முதல் வேலை, இன்றைக்கே பாலிசியைத் திறந்து பாருங்கள். 'தேர்டு பார்ட்டி' மட்டும் என்று இருந்தால் புயலுக்கு ஒரு பைசா வராது. சட்டம் கட்டாயமாகக் கேட்பது அதுதான், ஆனால் அது அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கானது. 'ஓன் டேமேஜ்' என்ற பகுதியும் இருந்தால்தான் புயல், வெள்ளம், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு எல்லாம் அடங்கும். 2019 செப்டம்பர் முதல் இதைத் தனியாகவும் வாங்கலாம்.

அடுத்து, ஆட்-ஆன் பட்டியல், அதாவது கூடுதல் பணம் கட்டி பாலிசியோடு சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்புகள். 'ஜீரோ டெப்' இருந்தால் பழைய உதிரிபாகம் என்று விலையைக் குறைக்க மாட்டார்கள். 'எஞ்சின் புரொடெக்ட்' இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கோவையில் லங்கா கார்னர் ரயில் பாலத்துக்கு அடியில் மழைநீர் தேங்குவது ஊரறிந்தது. ஒரு ஐப்பசி மழையில் என் சித்தப்பாவின் கார் அங்கே நின்றுவிட்டது. "ஏனுங் சித்தப்பா, சாவியத் திருப்பாதீங்க"ன்னு போனில் சொல்வதற்குள் மூன்று முறை திருப்பிவிட்டார். கடைசியில் 'டொக்'கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளம் செய்த சேதம் இல்லை, ஸ்டார்ட் செய்ததால் வந்தது என்று சொல்லி, 'எஞ்சின் புரொடெக்ட்' இல்லாதவருக்குப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். அவருக்கும் அப்படித்தான் ஆனது. தயவுசெய்து, தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ரிக்கவரி வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

நகர்த்தும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். நம்பர் பிளேட், விழுந்த மரம், கதவில் சேறு படிந்த கோடு, சீட் எந்த உயரம் வரை நனைந்திருக்கிறது என்பது எல்லாம் வரவேண்டும். அப்புறம் கம்பெனிக்குப் போன் போட்டு கிளைம் நம்பர் வாங்குங்கள். ஆர்சி, லைசென்ஸ், பாலிசி நகல் கையில் இருக்கட்டும். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்ற விடாதீர்கள்.

பணம் எவ்வளவு வரும்? மூன்றரை வருடக் காரின் முன்பக்கம் தென்னை மரம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பானட் 12,000, பம்பர் 8,000, முன் கண்ணாடி 9,000 ரூபாய். மூன்றிலிருந்து நான்கு வருட வண்டியின் இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதம் தேய்மானக் கழிவு, அதில் 3,000 போகும். பிளாஸ்டிக்குக்கு எப்போதும் 50 சதவீதம், அதில் 4,000. கண்ணாடிக்குக் கழிவே இல்லை. அப்புறம் 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் நாம் போடவேண்டிய 1,000. கூலியையும் பெயின்டையும் விட்டுவிட்டால் 29,000-ல் 21,000 கம்பெனி தரும். ஜீரோ டெப் இருந்தால் 28,000.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கிளைம் போட்டாலே, கிளைம் போடாததற்காகப் பிரீமியத்தில் வருடாவருடம் ஏறி 50 சதவீதம் வரை வந்திருக்கும் 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடி பூஜ்ஜியமாகிவிடும். அந்தத் தள்ளுபடியையும் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழுது செலவு ஐடிவி எனும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கதை வேறு. முழுச் சேதம் என்று கணக்கிட்டு ஐடிவியை ஒட்டியே தொகை தருவார்கள்.

கிளைமை மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.