காய்ச்சல் விட்ட பிறகு: உடலிலும் மனத்திலும் நெருக்கடியைக் கவனிக்கும் முறை

மருத்துவத்தில் நெருக்கடி என்பது நோய் கடுமையாக இருக்கும் நேரத்தை மட்டும் குறிப்பதில்லை. நலமா கேடா என்று நோய் திரும்பும் கட்டத்தையே பழைய மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள். பென்சிலின் வருவதற்கு முன், நிமோனியா நோயாளிக்கு ஏறக்குறைய ஏழாம் நாளில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கினால் பிழைத்துக்கொண்டார் என்று வீட்டார் நிம்மதி அடைந்தனர். அந்த நம்பிக்கை நம்மிடம் இன்னும் இருக்கிறது. கொசுவால் பரவும் டிங்கிக் காய்ச்சலில் அதுவே ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஆகையால் மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், தொடங்கிய நாளை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும்போதுதான் இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்குகிறது. இக்கட்டம் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்போது தீராத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்தில் வசிப்பவர்கள், யாருடைய காரில் போவது என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சலுக்குப் பெனடோல் (பாராசிட்டமால்) மட்டும் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடும். பப்பாளி இலைச் சாறு பலன் தருமா என்ற வாதத்தை உறவினர்கள் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்காகக் கிளினிக்கில் எடுக்க வேண்டிய இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

உடலின் இன்னொரு நெருக்கடி இரத்த அழுத்தம். அது 180/120-ஐத் தாண்டி, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குளறல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் உடனே 999-ஐ அழையுங்கள். வேறு அறிகுறி இல்லையென்றால் சற்று ஓய்ந்து உட்காரவைத்து மீண்டும் அளந்து, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மனத்தின் நெருக்கடியைப் பற்றிய ஆய்வு ஒரு தீ விபத்திலிருந்து வளர்ந்தது. 1942இல் பாஸ்டன் நகரின் கேளிக்கை விடுதி ஒன்று எரிந்து ஏறக்குறைய ஐந்நூறு பேர் இறந்தனர். அந்தத் துயரத்துக்கு ஆளானவர்களைக் கவனித்து மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944இல் எழுதினார். பின்னர் மனநல மருத்துவர் ஜெரால்ட் கேப்லன், ஒருவர் வழக்கமாகச் சமாளிக்கும் வழிகள் எல்லாம் தோற்றுப்போகும் நிலையே நெருக்கடி என்றும், அது பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களில் ஏதேனும் ஒரு பக்கம் திரும்பிவிடும் என்றும் விளக்கினார். அப்படியானால் அது நோயன்று. தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்லும்போதும், மோட்டார் சைக்கிள் விபத்தில் மகனை இழக்கும்போதும் எவருக்கும் நேரக்கூடியது.

நம் வழக்கத்தில் ஒரு குறை உண்டு. பதினாறாம் நாள் கருமாதிவரை வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மறுநாள் எல்லாரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நான்கு, ஆறு வாரக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் போக வேண்டிய காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. போனால் அறிவுரை கூறாமல், தூக்கம், சாப்பாடு, கடன் பற்றி விசாரித்து, அவர் பேசுவதைக் கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதை நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பல நாள் தவித்தவர் காரணமின்றித் திடீரென அமைதியாகி, பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், மனம் தேறிவிட்டார் என்று விட்டுவிடாதீர்கள்.

சாகத் தோன்றுகிறது என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள களைக்கொல்லியையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும் பழைய போத்தல் எங்காவது ஒதுங்கிக் கிடக்கலாம். பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொலைபேசி உதவிச் சேவை (03-7627 2929) இரவு பகல் எந்நேரமும் எடுக்கும். சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவி எண் 15555. ஆபத்து கண்முன் இருந்தால் 999, அல்லது நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி மருத்துவரிடம் எதையும் மறைக்காமல், என்ன உட்கொண்டார், எப்போது உட்கொண்டார் என்பதைச் சொல்லி, போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.