பொத்தல் சின்னதுதான், விவகாரம் உள்ளே

சிங்கப்பூரின் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் நான் மெடிக், அதாவது காயத்துக்கு முதலுதவி செய்பவன். குண்டு சுடும் பயிற்சி நாள்களில் டிரெஸ்ஸிங் பையோடு ரேஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒருவர் மேலும் குண்டு பட்டதில்லை. இந்த ஊரில் துப்பாக்கிக் காயம் அவ்வளவு அபூர்வம். அப்புறம் தாதி வேலைக்கு வந்தபோதுதான் அந்தப் பாடம் உதவியது, கட்டுமானத் தம்பிகளின் நெயில் கன் (ஆணி அடிக்கும் துப்பாக்கி) காயங்களுக்கு.

முதலுதவி வகுப்பில் யாராவது கேட்பார்கள்: "சூட்டோடதானே அண்ணே குண்டு போகுது, கிருமி செத்திருக்குமே?" சாகாது. 1890களிலேயே லகார்ட் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் கிருமி தடவிய குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, அது உயிரோடு உள்ளே போவதைக் காட்டிவிட்டார். குண்டைவிட வம்பு துணிதான். வேகமான குண்டு தசையைக் கண்ணிமைக்கும் நேரம் விரிக்கிறது. சட்டை நூலும் மண்ணும் அதற்குள் போய்விடுகின்றன. ஆணிக்கு அந்த வேகம் கிடையாது, ஆனாலும் துணியைக் குத்திக்கொண்டுதான் போகும்.

துவாஸ் பக்கம் ஒரு தம்பி, தொடையில் ஏறிய ஆணியைத் தானே பிடுங்கி, மேலே காப்பித்தூள் அப்பி, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். நான்காம் நாள் காய்ச்சலோடு வந்தார். டாக்டர் காயத்தைத் திறந்ததும் சீழோடு வெளியே வந்தது அரிசி அளவு நீலத் துணி. அவருடைய ஓவரால்!

அதனால், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். விரலோ குச்சியோ விட்டுத் துழாவாதீர்கள். மஞ்சள், தைலம் எதுவும் வேண்டாம். ரத்தம் பெருகினால் சுத்தமான துணியால், ஏதாவது குத்தி நின்றால் அதன் மேல் இல்லாமல் சுற்றி, அழுத்திப் பிடித்துக்கொண்டு 995க்கு அடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பொத்தல் விழுந்த உடுப்பைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள். துணியில் துண்டு குறைந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று டாக்டருக்குப் புரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை: காயம் பட்ட நேரம், சர்க்கரை நோய், பென்சிலின் ஒவ்வாமை, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட வருஷம். அழுக்கான காயத்துக்கு 5 வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி போடுவார்கள். வயிற்றில் குண்டு பட்டுக் குடல் கிழிந்திருந்தால் ஆபத்து பல மடங்கு, மலக்கிருமி வயிற்றுக்குள் பரவிவிடும்.

தையல் போடாமல் விட்டார்களே என்று குடும்பத்தார் சண்டைக்கு வருவதுண்டு. அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் கட்டும். கழுவி, செத்த தசையை வெட்டி எடுத்து, திறந்தே வைத்திருந்து, சில நாள் கழித்துத் தைப்பது வழக்கமான முறைதான். குண்டை உள்ளேயே விடுவதும் அப்படித்தான். மூட்டுக்குள் இல்லையென்றால், எடுக்கப் போய் வரும் சேதம் சில சமயம் அதைவிடப் பெரிது.

வீட்டில் கை கழுவிவிட்டு டிரெஸ்ஸிங் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் சலைனில் (மருத்துவ உப்புநீர்) நனைத்து எடுங்கள். ஆன்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தாதீர்கள். வலி நாளாக நாளாகக் குறையணும். கூடினால், சிவப்பு பரவினால், நாற்றம் வந்தால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அன்றைக்கே போங்கள். காயத்தைச் சுற்றித் தொடும்போது தோலுக்கடியில் நொறுநொறு என்றால் உள்ளே கிருமி வாயு உண்டாக்குகிறது என்று சந்தேகிக்கணும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள், ராத்திரி 2 மணியானாலும் சரி.