கேரவன் வண்டியில் வீட்டு பேட்டரி மாற்றுவதும் சார்ஜ் செய்வதும்: முதல்முறை கைவைப்பவர்களுக்கு

ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் பக்கம் நட்சத்திரம் பார்க்க ஒருமுறை வண்டியோடு போயிருந்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டம்மா எழுப்பினாள். "என்னங்க, ஃபேன் மூச்சு வாங்குது பாருங்க." மீட்டரில் 10.9 வோல்ட். ஃப்ரிட்ஜ் எப்போதோ நின்றுவிட்டது. மசாலா தடவி வைத்திருந்த கறியைக் காலையில் தூரப் போட்டோம்.

காட்பாடி திரும்பியதும் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். பதினோரு மாதத்தில் அதுவும் அதே கதை. மூன்றாவது வாங்கப் போனபோது கடைக்காரர் பில் போடவில்லை. "வண்டியைக் கொண்டாங்க சார், முதல்ல ஒயரைப் பார்த்துடுவோம்" என்றார். இரண்டு பேட்டரிக் காசு போன பிறகு கிடைத்த அறிவு அது. அதனால் இந்தப் பதிவில் ஸ்பேனருக்கு முன்னால் மீட்டர்தான் வரும்.

ஒரு சின்ன விளக்கம். கேரவனில் இரண்டு வகை பேட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய. இன்னொன்று உள்ளே இருக்கும் ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்புக்கு. இதைத்தான் வீட்டு பேட்டரி என்கிறேன். ஸ்டார்ட்டிங் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. ஒருசில நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும், உடனே டைனமோ அதை நிரப்பிவிடும். அதில் ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டினால் சில மாதம்கூடத் தாங்காது. வீட்டு வேலைக்கு டியூபுலர் (குழாய் மாதிரித் தகடு வைத்த ஆசிட் பேட்டரி) அல்லது லித்தியம் வேண்டும். கீழே உள்ள எண்கள் எல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு.

முதல் வேலை: செத்தது பேட்டரிதானா?

மாலையில் முழுதாகச் சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். காலையில் மல்டிமீட்டரை டெர்மினலில் வையுங்கள். ஆசிட் பேட்டரியில் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய காலி. ராத்திரி ஒன்றுமே ஓடாமல் காலையில் 12.4-க்குக் கீழே நின்றால் சந்தேகப்படலாம். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஆறு செல்லிலும் விட்டுப் பாருங்கள். ஐந்து செல் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்தச் செல் போய்விட்டது. அது போனால் பேட்டரியும் போன மாதிரிதான்.

அடுத்தது ஒயர். எஞ்சினை ஓடவிட்டு, முன்னால் ஸ்டார்ட்டிங் பேட்டரியில் வோல்ட் பாருங்கள். உடனே பின்னால் வீட்டு பேட்டரியிலும் பாருங்கள். என் வண்டியில் முன்னால் 14.2, பின்னால் 13.3. வண்டிக்கு பாடி கட்டிக்கொடுத்தவர் 4 ஸ்கொயர் எம்.எம். ஒயரை இழுத்து விட்டிருந்தார். போக ஐந்து மீட்டர், வர ஐந்து மீட்டர் என்று பத்து மீட்டர் ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். எவ்வளவு தூரம் ஓட்டினாலும் என் பேட்டரிக்கு அரைவயிறுதான். ஆசிட் பேட்டரியை அரைவயிற்றில் வைத்திருந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். முதல் இரண்டும் அப்படித்தான் போயின. இப்போது 25 ஸ்கொயர் எம்.எம். கேபிள், வித்தியாசம் 0.15 வோல்ட்டுக்குள்.

எவ்வளவு பெரிய பேட்டரி?

ஒரு நாள் செலவைக் கூட்டிப் பாருங்கள். எங்கள் கணக்கு: 45 வாட் ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டு ஓடுவதால் நாளைக்கு 430 வாட்-மணி. 25 வாட் ஃபேன் இரண்டு, எட்டு மணி நேரம், 400. லைட், போன், பம்ப் எல்லாம் சேர்த்து 100. ஆக 930. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 78 ஏ.எச்., அதாவது ஆம்பியர்-மணி. ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 150 ஏ.எச். டியூபுலர் தேவை. லித்தியத்தை நன்றாக இறக்கலாம், 100 ஏ.எச். போதும்.

டியூபுலர் 50 கிலோவைத் தாண்டும், லித்தியம் 12 கிலோ அளவில் இருக்கும். ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த வித்தியாசம் வண்டிக்குத் தெரியும். விலை மட்டும் யோசிக்கவைக்கும். எப்போதாவது வெளியே போகிறவர்களுக்கு டியூபுலரே போதும் என்பது என் எண்ணம். இன்டக்‌ஷன் அடுப்பு வைக்கும் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள். 1500 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

கழற்றுவது

மோதிரம், காப்பு, செயின் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேனர் ஒரு நொடி பட்டாலும் 'சட்'டென்று பொறி பறந்து இரும்பு உருகும். என் 13-ஆம் நம்பர் ஸ்பேனரில் கடுகளவு பள்ளம் இன்னும் இருக்கிறது. கண்ணாடி, கையுறை கட்டாயம். வண்டிக் கதவு திறந்திருக்கட்டும்.

சோலார் இருந்தால் முதலில் பேனல் ஒயரைப் பிரியுங்கள். வெளியிலிருந்து வண்டிக்கு இழுத்த கரண்ட் பிளக்கைப் பிடுங்குங்கள். இன்வெர்ட்டரை அணையுங்கள். டைனமோவிலிருந்து வரும் கேபிளின் ஃப்யூஸை எடுங்கள். எல்லா ஒயரையும் போனில் படம் எடுத்துவிட்டு, முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். கழற்றிய பிளஸ் முனையில் உடனே டேப் சுற்றுங்கள்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு விட்டுவிடும். செல் மூடிக்குள் மட்டும் அது போகக்கூடாது. டியூபுலரைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். சாய்க்காதீர்கள், ஆசிட் சிந்தும்.

பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போடவேண்டாம். புதுசு வாங்கும் கடையே எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக் கொடுக்கும். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன.

மாட்டுவது

கழற்றியதற்குத் தலைகீழ்: முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். பேட்டரியை பெல்ட்டோ இரும்புப் பட்டையோ போட்டு இறுக்கிக் கட்டுங்கள். சடன் பிரேக்கில் 50 கிலோ எங்கே போய் நிற்கும் என்று யோசித்தால் போதும். ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். பெட்டியிலிருந்து ஒரு குழாய் வண்டிக்கு வெளியே போகவேண்டும். பக்கத்தில் கேஸ் அடுப்பு கூடாது.

பிளஸ் டெர்மினலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் போடுங்கள். ஃப்யூஸ் காப்பது ஒயரை, சாமானை அல்ல. டைனமோவிலிருந்து வரும் கேபிளின் இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் அதற்கு இரண்டு பக்கமும் ஃப்யூஸ் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு பேட்டரியை (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைப்பதானால் இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயது இருக்கவேண்டும். பழசோடு புதுசைச் சேர்த்தால் பழசு புதுசையும் கெடுத்துவிடும். வண்டிக்குப் போகும் பிளஸ்ஸை முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸை இரண்டாவதிலிருந்தும் எடுங்கள். அப்போதுதான் இரண்டும் சமமாக உழைக்கும். எல்லாம் இறுக்கிய பிறகு டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். சோலாரில் முதலில் கன்ட்ரோலருக்கு (பேனல் கரண்டை அளவாக பேட்டரிக்கு விடும் பெட்டி) பேட்டரி, அப்புறம் பேனல். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் கெடலாம்.

சார்ஜ் செய்வது

பேட்டரி வகை மாறினால் சார்ஜரிலும் சோலார் கன்ட்ரோலரிலும் செட்டிங்கை மாற்றவேண்டும். டியூபுலருக்கு 14.4 வோல்ட்வரை ஏற்றி, நிறைந்ததும் 13.6 அளவில் பிடித்து வைக்கும் செட்டிங் சரி. 150 ஏ.எச். பேட்டரிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் சார்ஜர் பொருத்தம். பாதி காலியானதை நிரப்பக் கணக்குப்படி ஐந்து மணி நேரம்தான், ஆனால் கடைசி இருபது சதவீதம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். எட்டு, ஒன்பது மணி நேரம் விடுங்கள்.

வேலூர் வெயிலுக்கு ஒரு திருத்தம் உண்டு. சூடான பேட்டரிக்கு வோல்ட் குறைவாகக் கொடுக்கவேண்டும். 14.4 என்பது 25 டிகிரிக்கான கணக்கு. பெட்டிக்குள் 40 டிகிரி என்றால் 14.1 போதும், இல்லாவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றிப் போகும். சார்ஜரோடு வரும் வெப்ப சென்சாரை பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும். நான் அதை ஒரு வருஷம் டப்பாவிலேயே வைத்திருந்தேன்.

லித்தியத்துக்கு இந்தத் திருத்தம் வேண்டாம், 14.2 முதல் 14.6 வரை, கம்பெனி சொல்லும் அளவு. ஆனால் டைனமோவோடு நேராக இணைக்காதீர்கள். அது தாகம் எடுத்த மாடு மாதிரி இழுக்கும், டைனமோ சூடாகிக் கருகும். நடுவே கரண்டை அளவாக விடும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். வோல்ட்டை வைத்து அதில் எவ்வளவு மிச்சம் என்றும் தெரியாது, பெரும்பகுதி நேரம் 13.2, 13.3 என்றே நிற்கும். பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டை எண்ணி மிச்சத்தைக் காட்டும் ஷன்ட் மீட்டர் ஒன்று போடுங்கள்.

சோலாரில் 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 750 வாட்-மணி அளவுக்குத் தரும். ஆனால் வெயிலுக்குப் பயந்து வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தினால் அதில் பெரும்பகுதி போய்விடும். நிழலா, கரண்டா என்று வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது.

டியூபுலரில் மாதம் ஒருமுறை தண்ணீர் அளவைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றவே கூடாது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டியூபுலரை முழுதாகச் சார்ஜ் செய்து மைனஸைக் கழற்றிவிடுங்கள். லித்தியத்தைப் பாதி அளவில் விட்டாலே போதும். மாட்டிய தேதியையும் முதல் காலை மீட்டர் காட்டியதையும் பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். என்னுடையதில் 12.72 என்று இருக்கிறது.