தடித்த எழுத்தில் இல்லாததையும் பாருங்கள்: டெஸ்ட் ரிப்போர்ட் விஷயத்தில் மும்பைத் தமிழர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேப் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். நார்மல் அளவைத் தாண்டியதைக் காட்டும் தடித்த எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். இல்லையென்றால் நிம்மதி, இருந்தால் கூகுள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தாளின் தலைப்பகுதி. யாருடைய ரத்தம், எத்தனை வயது, ஆணா பெண்ணா, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அது தெரியாமல் கீழே உள்ள எண்ணைப் படித்துப் பயனில்லை.

நமக்குப் பெயரிலேயே தகராறு ஆரம்பிக்கிறது. ஊரில் சு. முருகன். சயான் ஆஸ்பத்திரி கேஸ் பேப்பரில் முருகன் சுடலைமுத்து. ஆதாரில் முருகன் நாடார். லேப் பையன் போனில் கேட்டு எழுதிக்கொண்டது முர்கன். இப்படி நாலு பெயரில் ரிப்போர்ட் கிடந்தால் போன வருஷக் கணக்கையும் இந்த வருஷக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்க்க எந்த டாக்டருக்கும் பொறுமை இருக்காது. ஆதாரில் உள்ள பெயரையே எல்லா இடத்திலும் கொடுத்துவிடுங்கள். வயதும் பாலினமும் சரியா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் 12.4 பெண்ணுக்குப் போதும், ஆணுக்குக் குறைவு. பாலினத்தை மாற்றிப் போட்டால் தடித்த எழுத்தும் மாறித்தான் விழும்.

வெறும் வயிறு என்றால்

தாராவி லேபர் கேம்ப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், சைக்கிளில் ஒரு சுற்று விற்றுவிட்டுப் பத்து மணிக்கு லேபில் ஃபாஸ்டிங் கொடுத்தார். சர்க்கரை 138 என்று வந்தது.

“காலையில என்ன சாப்பிட்டீங்க அண்ணாச்சி?”

“ஒண்ணும் திங்கலியே. ரெண்டு கட்டிங் மட்டும் குடிச்சேன்.”

பாலும் சர்க்கரையும் போட்ட டீ அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. லேப் கணக்கில் சாப்பாடுதான். எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. ஃபாஸ்டிங் 100-க்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். அந்த 138-ஐ அப்படியே நம்பியிருந்தால் அன்றைக்கே அவர் சர்க்கரை நோயாளி. டாக்டர் ஹெச்பிஏ1சி பார்க்கச் சொன்னார். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் டெஸ்ட் அது. 5.9 வந்தது. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடுதான் என்பதால் அண்ணாச்சி தப்பித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஏ1சியும் கடைசித் தீர்ப்பு அல்ல. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது கூடுதலாகக் காட்டலாம். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

தைராய்டுக்காரர்கள் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுவது நல்லது. முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் (டேங்கர் தண்ணீரில் குளிக்கும் ஊரில் யார்தான் சாப்பிடவில்லை!) அதை டாக்டரிடமும் லேபிலும் சொல்லிவிடுங்கள். சில வகை மெஷின்களில் பயோட்டின் புகுந்து, தைராய்டு டெஸ்ட்டில் பார்க்கும் ஹார்மோன்களில் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது போலத் தோன்றும், உடம்பில் அப்படி எதுவும் இருக்காது.

எண்பது டெஸ்ட் ஆஃபர்

‘ஃபுல் பாடி செக்கப், எண்பது டெஸ்ட்’ என்று வரும் விளம்பரங்கள் எனக்கு ஒப்புவதில்லை. கல்லீரலுக்கான ஒரே டெஸ்ட்டைப் பத்தாகப் பிரித்து எண்ணுவது ஒரு புறம் இருக்கட்டும். நார்மல் அளவு எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஆசை தானே குறையும். ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் எந்த இடைவெளிக்குள் வருகிறார்களோ அதையே பெரும்பாலும் நார்மல் என்று வைக்கிறார்கள். மீதி ஐந்து சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்களே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது டெஸ்ட் எடுத்தால், எந்த நோயும் இல்லாத ஆளுக்கும் ஒன்றாவது வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு. அப்புறம் அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் என்று அலைய வேண்டியதுதான்.

மழைக்காலக் காய்ச்சல்

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் பில்டிங்குக்கு ஒருவராவது டெங்கு சந்தேகத்தில் படுத்திருப்பார். இங்கே காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் என்ற கணக்கு முக்கியம். டெங்கு கிருமியின் புரதமான என்எஸ்1 பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள்தான் பிடிபடும். அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் ஐஜிஎம் ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்கு மேல்தான் தெரிய ஆரம்பிக்கும். ஏழாவது நாள் என்எஸ்1 மட்டும் எடுத்து நெகட்டிவ் என்று வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. மலேரியா ஸ்மியரும் (ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) ஒரு முறை நெகட்டிவ் வந்ததும் முடிந்துவிடுகிற விஷயம் அல்ல, காய்ச்சல் நிற்காவிட்டால் திரும்ப எடுப்பார்கள்.

ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டுக்கு வருவோம். 42,000 என்று வந்ததுமே வீட்டில் அழுகை, பப்பாளி இலைக்கு ஒருவர், ரத்தம் கொடுக்க நாலு பேர். சிலருக்கு ஊதா மூடி டியூபில் உள்ள மருந்தோடு சேர்ந்து பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு கட்டிகட்டியாகிவிடும். மெஷின் ஒரு கட்டியை ஒன்றாக எண்ணிவிடும், அல்லது எண்ணாமலே விட்டுவிடும். ஸ்மியரைக் கண்ணால் பார்த்தால் கட்டி தெரியும். நீல மூடி டியூபில் மறுபடி எடுத்தால் எண்ணிக்கை பல நேரம் சரியாகிவிடும். ‘ஸ்மியரில் பார்த்தீர்களா?’ என்று லேபில் கேட்பதில் தப்பே இல்லை. நிஜமான டெங்குவிலும் பிளேட்லெட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது தவறு. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான கட்டம். அப்போது பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவது, விடாத வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து துவண்டு போவது, இவை எதையும் காத்திருந்து பார்க்கக் கூடாது.

நார்மல் வந்த பிறகு

இருப்பதிலேயே மோசமான தவறு என்று நான் நினைப்பது இதைத்தான்: “டிஎஸ்ஹெச் நார்மல் வந்துடுச்சே, இனி மாத்திரை எதுக்கு?” நார்மல் வந்ததே மாத்திரையால்தான். தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றினால் அதன் பலன் ரிப்போர்ட்டில் முழுதாகத் தெரிய ஆறு வாரமாவது ஆகும். நிறுத்தி பத்தாவது நாள் எடுத்துப் பார்த்து ‘பார்த்தியா, ஒண்ணும் ஆகலை’ என்று சொல்வதில் பொருளே இல்லை.

தடித்த எழுத்தில் வராத நார்மலும் உண்டு. 68 வயது அம்மாவுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.1. பல லேப்களின் தாளில் அது அளவுக்குள்தான். அவர் வயதுக்கும் பெண் என்பதற்கும் கணக்குப் போட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 55 அளவில் நிற்கும். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். டாக்டர் இதையெல்லாம் ஹிந்தியில் ஐந்து நிமிஷம் சொல்கிறார்: மூட்டு வலிக்குத் தினமும் போடும் மாத்திரையை நிறுத்தணும், மூன்று மாதம் கழித்துத் திரும்ப ரத்தம் பார்க்கணும், யூரினில் புரோட்டீன் பார்க்கணும். கூட வந்த மகன் திரும்பி, “ஒண்ணும் இல்லம்மா, கொஞ்சம் தண்ணி நிறைய குடிக்கச் சொல்றாரு” என்கிறான். அவனுக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. வலி மாத்திரை அன்று இரவும் உள்ளே போகிறது. எந்த மாத்திரையை நிறுத்தணும், அடுத்த டெஸ்ட் எப்போது என்ற இரண்டையும் கேஸ் பேப்பரிலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிவிடுங்கள்.

வராத ரிப்போர்ட்

லேபிலிருந்து போன் வரவில்லையென்றால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், யாரும் போய் வாங்க மாட்டார்கள். காசநோய்க் கல்ச்சரை நெகட்டிவ் என்று முடிவு சொல்ல ஆறு வாரம் வரை பார்ப்பார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் மும்பையில் அதிகம் என்பதால் அந்தக் கடைசித் தாளை விட்டுவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ‘இன்னும் எந்த ரிப்போர்ட் வரணும்?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்நோயாளியாக இருந்தவர் தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. எழுத்தில் கேட்டுத் தேதி போட்டு வாங்குங்கள்.

பரேல் டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஊரிலிருந்து உறவினர் வருவதாக இருந்தால், ரயில் ஏறும் முன்பே ஒன்று சொல்லிவிடுங்கள். பயாப்ஸி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட் தாளோடு, அந்தத் திசு இருக்கும் கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கையில் இருக்க வேண்டும். இங்குள்ள பேத்தாலஜி டாக்டர்கள் அந்தத் திசுவைத் தாங்களே மறுபடி பார்ப்பார்கள். பிளாக்கை வாங்கித் தர ஊர் ஆஸ்பத்திரியில் ஓரிரு நாள் இழுக்கலாம் என்பதால், டிக்கெட் போடும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.